ஒங்களுக்கு முறை என்னைக்கு, நர்சம்மா?

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கம்பம் பள்ளத்தாக்கில் நான் பள்ளிக்கூட நர்சாக இருந்தேன். ஊரெல்லாம் சைரன், ரேஷன் என்று பேச்சு. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடின. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, சின்னமனூரில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தேன். யாரும் இரண்டு முறை சொல்லவேண்டியதில்லை, எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் நிறைய இருந்தது.

பள்ளிக்கூட நர்ஸ் என்றால் ஒரு பள்ளியில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பத்துப் பள்ளிக்கூடங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றுக்கும் போகவேண்டும். முதல் வாரத் திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர் என்று இரண்டு வாரத்துக்கும் சேர்த்து நானே ஓர் அட்டவணை போட்டு, சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். சனிக்கிழமை டயரி எழுதும் நாள். அந்த டயரியில் ஐந்து கட்டங்கள் உண்டு: பிரயாணம், பரிசோதனை, மருந்து போடுதல், வீடு பார்த்தல், எழுத்து வேலை. ஒவ்வொரு நாளும் எந்த வேலைக்கு எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று எழுதி மேல் ஆபீசுக்கு அனுப்பவேண்டும். மற்ற நர்சுகள் இதைக் கண்டால் அழுவார்கள். எனக்கோ அதில்தான் பெருமை. உடுப்பில் குத்திய கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்வேன். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். தலை, கண், பல், நகம், கையில் அம்மை குத்திய தழும்பு. அவ்வளவுதான். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது டாக்டர் வேலை. அவர் வருஷத்துக்கு ஒரு நாள் வருவார்.

பத்தில் ஒன்று, மார்க்கையன்கோட்டையைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம். மூன்று பக்கமும் நெல் வயல், நடுவே வாய்க்கால், கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் மேகமலை. ஒரே வாத்தியார், ஒரே கூடம், நாற்பது பிள்ளைகளுக்குள் இருக்கும். அந்த ஊருக்கு இரண்டாவது வாரச் செவ்வாய்க்கிழமை போவேன். காலை ஒன்பதரைக்குப் போனால் பன்னிரண்டேகால் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடவேண்டும். அதை விட்டால் சாயங்காலம்தான். அதனால் அந்த ஊருக்கு எதிரே 'வீடு பார்த்தல்' என்ற கட்டத்தில் எப்போதும் 'இல்லை' என்று எழுதிவிடுவேன்.

ஆடியில் முதல் தடவை போனபோதே ஆஜர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் புள்ளி, மறுநாள் கோடு. மறுபடியும் புள்ளி, மறுபடியும் கோடு. கோலம் போட்ட மாதிரி இருந்தது. என்ன இது என்று வாத்தியாரைக் கேட்டேன். அவர் நாற்பது வயதுக்காரர், வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைக்குப் போய்விடுகிறார்கள் என்றார்.

அங்கே வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். இன்றைக்கு இவர் வயலுக்கு, நாளைக்கு அவர் வயலுக்கு. வந்த வாரமே அதைத் தெரிந்து வைத்திருந்தேன். தண்ணீர் பாய்ச்சப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள் போல என்று எனக்குக் கோபம் வந்தது. பெரியவர்கள் போனால் போதாதா, பிள்ளைகள் எதற்கு என்று கேட்டேன். வாத்தியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பெரியவுகளும்தான் போறாக, நர்சம்மா. யாரைன்னு நிறுத்துறது?" என்றார். முறை என்று வந்தால் போய்த்தானே ஆகவேண்டும், சரி, என்னால் என்ன செய்யமுடியும் என்று சொல்லிவிட்டு நகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் நிரப்பவேண்டிய பாரத்தில் ஒரு கேள்வி உண்டு: பள்ளியில் காய்ச்சல் உண்டா? அதைக் கூடத்தின் நடுவில் நின்று உரக்கக் கேட்டேன். யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று. அத்தனை பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை, ஒன்பது வயது இருக்கும், என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்து 'உஷ்' என்றாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். ஆனால் மணி பத்தாகிவிட்டிருந்தது. 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அந்தப் பெண்பிள்ளை வாயாடி. செம்பட்டைத் தலை, வெளுத்த உதடு, மூன்று நிமிடத்தில் முப்பது கேள்வி கேட்பாள். எல்லாம் கடிகாரத்தைப் பற்றித்தான். "ரெண்டு மணிக்கு முள்ளு எங்கன நிக்கும்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். தொட்டுக் காட்டுவேன். இப்போது எங்கே இருக்கிறது, ரெண்டுக்குப் போக இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பாள். படிக்கிற ஆசை என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது தடவையோ என்னவோ, பல்லைப் பார்க்க வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்த வாயோடு, "ஒங்களுக்கு முறை என்னைக்கு, நர்சம்மா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு. பத்துப் பள்ளிக்கூடத்துக்காரியிடம் முறையைக் கேட்கிறாளே. எனக்கு எந்த நாள்தான் முறை இல்லை, தினமும் முறைதான், இன்றைக்கு உங்கள் ஊர், நாளைக்கு அடுத்த ஊர் என்று சொன்னேன்.

"தெனமுமா?" என்றாள். அவள் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையை என் புறங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். செத்த வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிரியத்தில் பார்க்கிறார்கள் என்று நினைத்து நான் குளிர்ந்து போனேன்.

அந்தச் சனிக்கிழமை டயரி எழுதும்போது அட்டவணையைக் கொஞ்சம் திருத்தலாமென்று தோன்றியது. மேல் ஆபீசுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதினேன். இந்த ஊர்ப் பள்ளியில் காய்ச்சல் இல்லை, சிரங்குகூடக் குறைவு, பிள்ளைகள் வராமலிருப்பது வயல் வேலையால்தான்; ஆகவே இந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அந்த நேரத்தைப் பெரிய பள்ளி ஒன்றுக்குக் கொடுக்கலாம். கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டேன். குயினைன் வந்துகொண்டிருந்த ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து, காய்ச்சலுக்குக் கொடுக்கும் அந்த மாத்திரை தங்கம் மாதிரி ஆகிவிட்டது. எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்று ஆபீசில் முடிவு செய்வது எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். அது எனக்குத் தெரியாமலில்லை. சரி என்று ஒரே வாரத்தில் பதில் வந்தது. அடுத்த தடவை போவதுதான் கடைசி என்று ஆயிற்று.

புரட்டாசி. பொன்னுருகக் காயும் என்பார்களே, அந்த வெயில். அந்தக் கடைசிச் செவ்வாய்க்கிழமை கரி பஸ் கிளம்பவே இல்லை. டிரைவரும் கிளீனரும் அடுப்பைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு நாளைக்கு என்று சொல்லிவிட்டார்கள். டயரியில் ஒரு ஊர் விட்டுப்போவது எனக்குப் பொறுக்காது. புதன்கிழமை போனேன். அன்றைக்கும் பஸ் நின்று நின்று, ஊருக்குள் நான் இறங்கும்போது பன்னிரண்டரை. திரும்புகிற பஸ் போய்விட்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான் இருந்தார்கள். வாத்தியார் அவர்களையும் அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்குத் தர்மசங்கடம். "இன்னைக்கு வந்திருக்கீகளே. எனக்கும் முறையாச்சே" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, மப்ளரைத் தலையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டார். இவருக்கு ஏது வயல் என்று யோசித்தபடி நின்றேன். முதல் தடவையாக அப்போதுதான் எனக்கு உறுத்தியது.

சாயங்காலம் வரை என்ன செய்வது? தெருவுக்குள் நடந்தேன். அந்த ஊருக்குள் நான் நடந்ததே அன்றைக்குத்தான். வயலிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நடு மத்தியானத்தில், ஒருவரோடு ஒருவர் பேசாமல், அவசரமும் இல்லாமல். மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். எல்லா வீட்டு வாசலும் திறந்து கிடந்தது. உள்ளே பார்த்தால், அந்த வெயிலில், கம்பளியும் சாக்கும் பழைய சேலையும் மடித்து மடித்துப் பாயருகில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பாயின் தலைமாட்டிலும் ஒரு செம்புத் தண்ணீர். திடமாக நடந்து வந்த ஆண்கள், கட்டை மாதிரி உடம்பு உள்ளவர்கள், பாயில் நீட்டிப் படுத்துக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தூங்கவில்லை. எதற்கோ காத்திருந்தார்கள். பிணத்தைக் கண்டு பயப்படாதவள் நான். அந்தத் தெருவின் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன்.

"நர்சம்மா" என்று ஒரு வீட்டிலிருந்து குரல் கேட்டது. அந்தச் செம்பட்டைத் தலைப் பிள்ளைதான். பாயில் படுத்திருந்தாள். அவள் தாய் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். நீங்கள் படுக்கவில்லையா என்று நான் கேட்டேன். "எனக்கு முறை கெடையாது. இன்னைக்கி இவளுக்கும் அவுக அய்யாவுக்கும்" என்றாள் அந்தம்மா, சமையல் விஷயம் சொல்வதைப்போல.

பிள்ளை என் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் எங்கே என்று கேட்டாள். ரெண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. சொன்னேன். அவள் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு, பாயில் பாதியைக் காலி செய்து, அதைக் கையால் தட்டினாள்.

"படுங்க நர்சம்மா. நேரமாச்சு. ஒங்களுக்குத்தான் தெனமும் முறையில்ல."

நான் உட்கார்ந்தேன். படுக்கவில்லை. அவள் தாய் எழுந்துபோய் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். போன தடவை நான் வந்துபோனதிலிருந்து, நர்சம்மாவுக்குத் தினமும் வருகிறதாம், அப்படியும் ஊர் ஊராக நடக்கிறாளாம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததாம். அதைக் கேட்டபோது முறை என்றால் என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயால் கேட்டேன், காய்ச்சலா என்று. அந்தம்மா சட்டென்று பிள்ளையின் காதைப் பொத்தினாள். "பேரைச் சொல்லாதீக. போயிக்கிட்டிருக்கறது திரும்பிப் பாக்கும்" என்றாள்.

எங்கள் ஊரில் அதைக் குளிர்காய்ச்சல் என்போம். ஆஸ்பத்திரியில் மலேரியா என்று படித்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் என்பதும் பாடத்தில் இருந்ததுதான். அதற்கு முறைக்காய்ச்சல் என்று பேர் இருப்பதும், இந்த ஊர்க்காரர்கள் பயத்தில் பின்பாதியை வெட்டிவிட்டு முறை என்று மட்டும் சொல்வதும் எனக்குத் தெரியாது. பதினான்கு இரட்டைப்படை; அத்தனை நாளைக்கு ஒரு தடவை போகிறவள் ஒன்று எப்போதும் முறை நாளில் போவாள், இல்லையென்றால் எப்போதும் முறை இல்லாத நாளில் போவாள். அந்தத் தெருவுக்கு விடுமுறையான நாளில்தான் நான் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் காலையில்.

பிள்ளையின் சட்டையை விலக்கி வயிற்றில் கை வைத்தேன். என் மூன்று நிமிடத்தில் இல்லாத இடம் அது. இடது விலாவுக்குக் கீழே, பல நாள் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி, கல் மாதிரி தொப்புள் வரை இறங்கியிருந்தது. நாலு தடவை இவள் தலையில் பேன் பார்த்திருக்கிறேன்.

எங்கோ உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. பிள்ளை என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தவள் பாதிச் சொல்லில் நிறுத்திக்கொண்டாள். தெருக்கோடியில், வாய்க்கால் பக்கத்து வீட்டில், நடுக்கத்தில் குதிகால் தரையில் அடிக்கும் சத்தம் டக் டக் டக்கென்று கேட்டது. பிறகு அதற்கு இந்தப் பக்கத்து வீட்டில். பிறகு அதற்கடுத்த வீட்டில். ஆள் ஒருவர் நடந்து வந்து ஒவ்வொரு வாசலிலும் நுழைகிற மாதிரிதான் எனக்குக் கேட்டது. ஒருவரும் கத்தவில்லை. பற்கள் அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. எதிர்ச் சுவரில் வெயில் கண்ணைக் கூச, அந்தப் பிள்ளையின் நகங்கள் என் கண்முன் நீலமாயின. கம்பளியைப் போட்டு அவள்மேல் கவிழ்ந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் நடுக்கத்தில் என் கடிகாரம் உடுப்பில் குதித்துக்கொண்டிருந்தது.

எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே நேரம் என்று அது வருவதில்லை என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். அந்தத் தெருவில் மட்டும் ஏன் அப்படி என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

என் பையில் டிங்சர் இருந்தது, சிரங்குக் களிம்பு இருந்தது. குயினைன் ஒன்றுகூட இல்லை. கேட்டு எழுதினால்தான் வரும். நான் காய்ச்சலே இல்லையென்று எழுதியிருந்தேன்.

மறுநாளே மேல் ஆபீசுக்கு ஓடினேன். நடந்ததைச் சொல்லி அழுதேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவரில்லை. என் ரிப்போர்ட்டை எடுத்து, கையெழுத்து இருந்த இடத்தைக் காட்டி, அந்தப் பங்கு வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டதென்றும் அடுத்த சரக்கு வந்தவுடன் முதலில் எனக்கே தருவதாகவும் சொன்னார். சொன்னபடி தந்தார். அதற்கு அந்தப் புதன்கிழமையிலிருந்து பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளையும் நான் நாளாக எண்ணவில்லை. வெள்ளி, ஞாயிறு, செவ்வாய், வியாழன் என்று முறையாக எண்ணினேன்.

சனிக்கிழமை மாத்திரைப் பொட்டலத்தோடு போய் இறங்கினேன். பள்ளி இல்லை. வாத்தியார் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அவர் பாய் விரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அவளுக்கு முறை தப்பிருச்சு, நர்சம்மா" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. நல்லதுதானே, தானாகவே விட்டுவிட்டதா என்று சிரித்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பாயை நீவினார். "தப்புனா நல்லதில்ல நர்சம்மா. விட்டு விட்டு வர்றது விடாமப் பிடிச்சுக்கிரும். செவ்வாக்கெழமை தப்புச்சு. வியாழக்கெழமை விடியுமுன்ன போயிட்டா."

அந்த ஒரு நொடி நான் சிரித்தேனே, அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா என்னைத் திட்டுவாள், திட்டினால் தேவலை என்றுதான் போனேன். ரிப்போர்ட் விஷயத்தையும் சொன்னேன். அவளுக்கு அது புரிந்ததோ இல்லையோ, மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "நர்சம்மா படுக்காமயே போயிட்டாக, வழியில எங்கன விழுந்து கெடக்காகளோன்னு ரெண்டு நாளா அதேதான் பேச்சு அவளுக்கு" என்றாள். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் நின்றேன். வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்தேன். ரெண்டு மணிக்கு அது தெருவில் வந்தபோதும் அங்கேயே இருந்தேன்.

பட்டியலில் அந்த ஊரை மறுபடியும் சேர்க்கவைத்தேன். நாளை மாற்றி, புதன்கிழமை சாயங்காலம் வரை அங்கே இருக்கும்படி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த ஊருக்கும் 'வீடு பார்த்தல்' கட்டத்தில் 'இல்லை' என்று நான் எழுதியதில்லை. பரிசோதனைக்கு நேரம் போதவில்லையே என்று மேலே கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஊர்க்காரர்கள் எதையாவது சொன்னால், எனக்குத் தெரிந்த சொல்லாகவே இருந்தாலும், அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு தடவை கேட்டுவிடுவேன். இதுகூடத் தெரியாத நர்ஸ் என்று சிலர் சிரித்தார்கள்.

ஐப்பசியில் எனக்கும் வந்துவிட்டது. சின்னமனூர் அறையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானம் ரெண்டு மணிக்கு. வருவதற்கு முன்பே நானும் கம்பளியை எடுத்து வைத்து, செம்பில் தண்ணீர் வைத்து, முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். முதல் நாளே என் உடம்பு தானாகச் சுவரோரம் நகர்ந்துகொண்டது.

அந்தக் குளிர் என்னை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது பேரன் பேத்தி எடுத்தாயிற்று. மத்தியானம் சற்றுக் கண்ணயரப் படுத்தால், இவ்வளவு பெரிய கட்டிலில் ஏன் ஒண்டிக்கொண்டு படுக்கிறீர்கள் என்று மருமகள் கேட்பாள். பழக்கம் என்று சொல்லிவிடுவேன். மூன்று நிமிடத்துக்குமேல் நான் நேரம் கொடுக்காத பிள்ளை எனக்குத் தன் பாயில் பாதியைக் கொடுத்தாள். அந்த இடத்தில் படுக்காமல் வந்துவிட்ட நான், பகலில் எங்கே படுத்தாலும் அவளுக்கு ஓர் ஆள் இடம் விட்டுத்தான் படுக்கிறேன்.